அமெரிக்க கார்ட்டூன் சீரிஸ்ல ரைட்டர் ஆகுறது எப்படி, அப்புறம் சொந்த ஷோ பண்றது எப்படி

கைல ஒரு சூப்பர் ஐடியா இருக்கு, நேரா டிஸ்னிக்கு மெயில் தட்டிடலாமான்னு கேக்குறவங்களுக்கு ஒரே பதில், தட்டாதீங்க. ஏஜென்ட் இல்லாம வர்ற கதையை பெரிய ஸ்டுடியோக்கள் பொதுவா பிரிச்சே பாக்காது, நாளைக்கு கதைத் திருட்டுன்னு கேஸ் வந்துடுமோன்னு பயம்.

சொந்த ஷோ பண்ணவங்க ரூட்டைப் பாருங்க, பெரும்பாலும் அடுத்தவங்க ஷோல உக்காந்து தொழில் கத்துக்கிட்டவங்கதான். ஸ்டீஃபன் ஹில்லன்பர்க் கடல் உயிரியல் வாத்தியாரு, அப்புறம் கலிபோர்னியாவுல இருக்கற கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரில அனிமேஷன் படிச்சு, ராக்கோஸ் மாடர்ன் லைஃப்ல வேலை பாத்துட்டுதான் 1999ல ஸ்பாஞ்ச்பாப் கொண்டுவந்தாரு. ரெபெக்கா சுகர் அட்வென்ச்சர் டைம்ல ஸ்டோரிபோர்டு, அதாவது கதையைக் காட்சி காட்சியா வரைஞ்சு காட்டுறது, போட்டவங்க, 2013ல ஸ்டீவன் யுனிவர்ஸ்.

அதனால முதல்ல முடிவு பண்ண வேண்டியது உங்களுக்கு வரைய வருமா வராதான்னுதான். மேல சொன்ன ஸ்பாஞ்ச்பாப், அட்வென்ச்சர் டைம் மாதிரி ஷோல ரைட்டருங்க சின்ன அவுட்லைன்தான் குடுப்பாங்க, டயலாக், காமெடி எல்லாம் போர்டு ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சுகிட்டே எழுதுறது. வரையவே வராதா, அப்போ சிம்ப்சன்ஸ் மாதிரி முழு ஸ்கிரிப்ட் எழுதுற ஷோ பக்கம் போங்க.

வேலை கேக்கும்போது காட்ட சாம்பிளுக்கு 11 நிமிஷ எபிசோடு ஒண்ணு எழுதி வைங்க. இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க. "அப்பா கோவமா உள்ள வர்றாரு"ன்னு எழுதினா சினிமால நடிகர் பாத்துப்பாரு, ஆனா கார்ட்டூன்ல நடிகரோட குரல் மட்டும்தான் இருக்கு, படம் போடுறவரு பல நேரம் கொரியால உக்காந்திருப்பாரு. "அப்பா கதவைத் தள்ளுறாரு, கைப்பிடி கையோட வந்துடுது, அதையே முறைச்சுப் பாத்துட்டு பாக்கெட்ல போட்டுக்கறாரு", இப்படி எழுதுங்க. திருவிழாக் கூட்டம்லாம் வேண்டாம், ஒவ்வொரு மூஞ்சியையும் யாராவது டிசைன் பண்ணணும்ல, பட்ஜெட் அங்கயே காலி.

சொந்த ஷோ ஐடியாவை ஸ்டுடியோல சொல்லி பிட்ச் பண்ற நேரம் வந்தா ஒரு பைபிள் ரெடி பண்ணுங்க, கேரக்டர், உலகம் எல்லாம் எழுதி வைக்கற ஷோவோட ஜாதகம்னு வச்சுக்கோங்க. அதுல உலகம் எப்படி உருவாச்சுன்னு பக்கம் பக்கமா எழுதுறது என்னைக் கேட்டா வேஸ்ட், எந்த கேரக்டருக்கும் எந்த கேரக்டருக்கும் ஒத்துவராது, ஏன் ஒத்துவராதுன்னு தெரிஞ்சா போதும். அலெக்ஸ் ஹிர்ஷ் தன்னையும் தன் ட்வின் சகோதரியையும் வச்சுத்தான் கிராவிட்டி ஃபால்ஸோட டிப்பர், மேபல் ரெண்டு பேரையும் பண்ணாரு. ஒரு இடத்துல நோ சொன்னாலும் விட்றாதீங்க, அட்வென்ச்சர் டைம் நிக்கலோடியன்ல குறும்படமா வந்துச்சு, அவங்க சீரிஸா எடுக்கல, கார்ட்டூன் நெட்வொர்க் எடுத்து 2010ல ஓட்டுச்சு.

காசு விஷயம் கொஞ்சம் கசக்கும். அனிமேஷன் ஆளுங்களோட தொழிற்சங்கமான அனிமேஷன் கில்டுக்குக் கீழ வர்ற ஷோல மறு ஒளிபரப்புக் காசு உங்க கைக்கு செக்கா வராது, பென்ஷன், ஹெல்த் ஃபண்டுக்குப் போயிடும். கேரக்டரும் பொதுவா ஸ்டுடியோ சொத்துதான். அதனால லாயர்கிட்ட காட்டாம எதுலயும் கையெழுத்து போடாதீங்க, கிரியேட்டர்னு பேரு கடைசி வரைக்கும் வருமா, பொம்மை டீஷர்ட்ல உங்களுக்கு எவ்ளோ, அடுத்த சீசன்ல உங்களைத் தூக்கிட்டு வேற ஆள் போட முடியுமா, இதெல்லாம் எழுத்துல வாங்கிக்கோங்க.