சேவையை மூடப்போவதாக மெயில் வந்துவிட்டதா? முதலில் உங்கள் பொருளை வெளியே எடுங்கள்

"எங்கள் சேவை இந்தத் தேதியோடு நிறுத்தப்படுகிறது" என்று ஒரு மெயில் வரும். முதல் இரண்டு வரி படித்துவிட்டு, சரி, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே வராது. குறிப்புகள் எழுதிவைக்கிற ஒரு சேவையில் எனக்கு நான்கு வருடக் குறிப்புகள் இருந்தன. மூடுவதற்கு முந்தைய நாள் ராத்திரிதான் உட்கார்ந்தேன், டவுன்லோடு வேண்டும் என்று பொத்தானை அழுத்தினால் "தயாரானதும் மெயில் அனுப்புகிறோம்" என்று மட்டும் வந்தது, விடிகிறவரைக்கும் மெயில் வரவில்லை, மறுநாள் அந்தப் பக்கமே திறக்கவில்லை. போனது போனதுதான். இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தி உண்மையா என்று பாருங்கள். "24 மணி நேரத்தில் உங்கள் கணக்கு மூடப்படும், காப்பாற்ற இங்கே கிளிக் செய்யுங்கள்" என்று வருகிற மெயில் கிட்டத்தட்ட எப்போதும் பாஸ்வேர்டு பிடுங்கும் வேலை. நிஜமாகவே கடையைக் கட்டுகிற நிறுவனம் வாரக்கணக்கில், பெரும்பாலும் மாதக்கணக்கில் அவகாசம் கொடுக்கும். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்கத் தந்த கூகுள் ரீடரை மூடப்போவதாக 2013 மார்ச் 13 அன்று சொன்னார்கள், மூடியது ஜூலை 1. ஸ்கைப்பை நிறுத்துவதாகச் செய்தி வந்தது 2025 பிப்ரவரி கடைசியில், நிறுத்தியது மே 5. அதனால் மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், பிரவுசரில் அந்தச் சேவையின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள். உண்மையான அறிவிப்பாக இருந்தால் அவர்களின் உதவிப் பக்கத்திலோ, உள்ளே நுழைந்ததும் மேலே ஒரு பட்டையிலோ இருக்கும். இல்லையென்றால் அந்த மெயிலை அழித்துவிடலாம்.

உண்மை என்று தெரிந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். அறிவித்த தேதி முன்னாலும் நகரும். கூகுள் பிளஸை 2019 ஆகஸ்டில் மூடுவதாகத்தான் முதலில் சொன்னார்கள், அப்புறம் இன்னொரு பாதுகாப்புக் கோளாறு தெரியவந்ததும் நான்கு மாதம் முன்னால் இழுத்து ஏப்ரல் 2 அன்றே மூடிவிட்டார்கள். ஆகஸ்ட் இருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சரி, எப்படி எடுப்பது? பெரும்பாலான சேவைகளில் செட்டிங்ஸுக்குள் கணக்கு அல்லது தனியுரிமை என்கிற பகுதியில் "உங்கள் தகவலை டவுன்லோடு செய்யுங்கள்", "எக்ஸ்போர்ட்" என்று ஒன்று இருக்கும். கூகுளில் இதற்குப் பெயர் டேக்அவுட், 2011-லிருந்து இருக்கிறது. நீங்கள் கேட்டதும் கையில் கொடுத்துவிட மாட்டார்கள்: கேட்க வேண்டும், அவர்கள் பின்னால் கோப்பைத் தயார் செய்வார்கள், அதற்குச் சில நிமிடமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம், தயாரானதும் ஒரு லிங்க் வரும், அந்த லிங்க்குக்கும் ஆயுள் உண்டு. டேக்அவுட் லிங்க் ஏறக்குறைய ஒரு வாரத்தில் செத்துவிடும், வேறு சில சேவைகளில் இன்னும் சீக்கிரம். அதனால் ஊருக்குப் போகிற நாளில் கேட்காதீர்கள், வந்ததும் இறக்கிக்கொள்ள வசதியான நாளில் கேளுங்கள்.

கேட்கும்போது அவசரத்தில் "அடுத்து, அடுத்து" என்று போகாதீர்கள். டேக்அவுட்டில் எல்லாச் சேவைகளும் முதலிலேயே டிக் ஆகியிருக்கும், அப்படியே விட்டால் வேண்டாததெல்லாம் சேர்ந்து மலையாக வரும். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, வேண்டியதை மட்டும் போடுங்கள். கோப்பின் அளவையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். இணைப்பு அடிக்கடி அறுகிற இடத்தில் இருந்தால் 50 ஜிபி துண்டு வேண்டாம், 2 ஜிபி துண்டுகளாக வாங்குங்கள், ஒன்று பாதியில் நின்றாலும் அந்த ஒன்றை மட்டும் மறுபடி இறக்கினால் போதும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் இரண்டு விஷயத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்: தேதி வரம்பு, படத்தின் தரம். தேதியை "எல்லாக் காலமும்" என்றும், தரத்தை உயர்ந்தது என்றும் நீங்களே மாற்றுங்கள். பத்து வருடக் கணக்கு வைத்திருப்பவர் இதைக் கவனிக்காமல் போனால், கடைசி ஒரு வருடம் மட்டும் மங்கலான படங்களாக வந்து நிற்கும், அவரும் எல்லாம் வந்துவிட்டது என்று கணக்கை அழித்துவிடுவார்.

அப்புறம் வடிவம். எச்டிஎம்எல்லா, ஜேசானா என்று கேட்பார்கள். எச்டிஎம்எல் என்பது நாம் படிப்பதற்கு, பிரவுசரில் இரட்டை கிளிக் செய்தால் பக்கமாகத் திறக்கும். ஜேசான் என்பது இன்னொரு மென்பொருள் படிப்பதற்கு. நீங்கள் மாறிப்போகிற புதிய சேவை ஜேசானைத்தான் வாங்கிக்கொள்ளும் என்று இருந்தால் அதைக் கேளுங்கள், முடிந்தால் இரண்டையும் வாங்கிவையுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே பயப்படுகிற ஒரு இடம் உண்டு. ஃபேஸ்புக் ஜேசானை நோட்பேடில் திறந்தால் தமிழே இருக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாகச் சாய்கோடு, 'யு', நான்கு இலக்கக் குறி என்று வரிசையாக நிற்கும். அதேபோல ஒரு சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) எக்ஸெலில் இரட்டை கிளிக் செய்து திறந்தால், தலையில் சின்னக் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வந்து பக்கமே நிறைந்திருக்கும். எல்லாம் போச்சு என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கிற யுடிஎஃப்-8 என்கிற முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. எக்ஸெல் அந்த மூன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எடுத்துக்கொண்டு காட்டுகிறது, அவ்வளவுதான் நடந்தது. தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் அந்தக் கோடு போட்ட 'ஏ' ஓயாமல் வருகிறது.

இந்த நேரத்தில் செய்யவே கூடாதது ஒன்று: சேவ் அழுத்துவது. அழுத்தினால் காட்சியில் இருந்த குழப்பம் கோப்புக்குள்ளேயே ஏறிவிடும். சேவ் செய்யாமல் மூடுங்கள். எக்ஸெலைக் காலியாகத் திறந்து, மேலே டேட்டா பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வழியைத் தேர்ந்து, கோப்பைக் காட்டுங்கள். ஒரு முன்னோட்டம் வரும், அதில் கோப்பின் மூலம் எது என்று கேட்கிற பெட்டியில் 65001, யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த நொடியே அத்தனையும் தமிழாக மாறும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. எக்ஸெல் இல்லாதவர்கள் கூகுள் ஷீட்ஸில் ஏற்றிப் பாருங்கள், அங்கே பொதுவாக நேராகவே வந்துவிடும். ஃபேஸ்புக் ஜேசான் விஷயத்தில் மல்லுக்கட்ட வேண்டாம், படிப்பதற்கு எச்டிஎம்எல்லாகவே இன்னொரு முறை வாங்கிக்கொள்ளுங்கள். ரொம்பப் பழைய மெயில்கள் திஸ்கி போன்ற யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டில் இருந்தால் அவை எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் சரியாகாது, அவற்றுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி மாற்றிகள் வேண்டும்.

படங்களில் வேறு ஒரு சிக்கல். கூகுள் போட்டோஸிலிருந்து இறக்கிய ஃபோல்டரைத் திறந்தால் சில படங்களுக்கு டவுன்லோடு செய்த நாளே தேதியாக நிற்கும், 2013-இல் எடுத்ததும் நேற்று எடுத்ததும் ஒன்றாகக் குவிந்துகிடக்கும். பக்கத்திலேயே படத்தின் பெயரில் ஒரு சின்ன ஜேசான் கோப்பு இருக்கும், குப்பை என்று அதை அழித்துவிடாதீர்கள். படம் எடுத்த நேரம், நீங்கள் எழுதிய குறிப்பு, இடம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நேரம் பத்து இலக்க எண்ணாக இருக்கும், உதாரணமாக 1370000000. 1970 ஜனவரி 1-லிருந்து ஓடிய நொடிகளின் கணக்கு அது, இந்த எண் 2013 மே 31-ஐக் குறிக்கிறது. இந்தத் தேதிகளைப் படத்துக்குள் திரும்ப எழுதித்தர எக்சிஃப்டூல் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இப்போது நேரமில்லையென்றால் அப்புறம் செய்யலாம், ஜேசானும் படமும் ஒரே ஃபோல்டரில் பிரியாமல் இருந்தால் போதும்.

வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்தால் படிக்கிற டெக்ஸ்ட் கோப்பு வரும், ஆனால் அதை வாட்ஸ்அப்புக்குள் திரும்ப ஏற்ற முடியாது. அதற்கு பேக்கப் தனி.

இறக்கியாயிற்று என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஜிப் கோப்பைப் பிரிக்காமல் டெஸ்க்டாப்பில் போட்டுவைப்பதைப் பேக்கப் என்று நினைக்காதீர்கள். பிரியுங்கள். பாதியில் அறுந்த ஜிப் பெரும்பாலும் பிரியும்போதுதான் காட்டிக்கொடுக்கும். பிரிந்ததும், உங்களுக்கு நன்றாக நினைவிருக்கிற ஒரு பழைய பதிவையோ படத்தையோ தேடுங்கள், முதல் வருடத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று. கிடைத்தால் பெரும்பாலும் எல்லாம் இருக்கிறது. அப்புறம் என்ன வந்தது என்பதையும் பாருங்கள். கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்துவைக்கிற பாக்கெட் என்கிற சேவை 2025 ஜூலை 8 அன்று மூடியபோது எக்ஸ்போர்ட்டில் கிடைத்தது நீங்கள் சேமித்த லிங்க்குகள், தலைப்புகள் போன்றவைதான், கட்டுரையின் உள்ளே இருந்த எழுத்து கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உங்களுக்கு மிக வேண்டிய பத்திருபது கட்டுரைகளைத் திறந்து பிடிஎஃபாகச் சேமித்துவிடுங்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே மறைந்திருந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைப் போட்டுத் தேடுங்கள், 1996-லிருந்து இணையப் பக்கங்களைச் சேர்த்துவருகிறார்கள், பல நேரம் கிடைத்துவிடும்.

கூகுள் ரீடர் காலத்தில் ஓபிஎம்எல் கோப்பை எடுத்துவைத்தவர்கள் அதை அதேபோன்ற வேறு சேவையில் ஏற்றி, தாங்கள் படித்துவந்த தளங்களின் பட்டியல் முழுவதையும் நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான வடிவம் என்பதுதான் காரணம். மெயிலுக்கு எம்பாக்ஸ், தொடர்பு எண்களுக்கு விசிஎஃப், காலண்டருக்கு ஐசிஎஸ், இவை கிடைக்கிற இடத்தில் இவற்றையே கேளுங்கள். புதிதாக ஒரு சேவையில் சேரும்போதும் நான் இப்போதெல்லாம் முதலில் தேடுவது எக்ஸ்போர்ட் பொத்தானைத்தான், அது இல்லாத இடத்தில் முக்கியமான எதையும் வைப்பதில்லை.

பலரும் மறந்துவிடுகிற இன்னொன்று: அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வேறு எங்கெல்லாம் நுழைகிறீர்கள்? "இந்தக் கணக்கின் மூலம் உள்நுழைக" என்கிற பொத்தானை அழுத்திச் சேர்ந்த இடங்கள் எல்லாம் சேவை மூடிய அன்று பூட்டிக்கொள்ளும். மூடுவது மெயில் சேவையாக இருந்தால் இன்னும் மோசம், பாஸ்வேர்டு மறந்தால் வருகிற மெயில்கூட அங்கேதான் போகும். பழைய கணக்கு உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு தளமாகப் போய்ப் புதிய மெயில் முகவரியைக் கொடுத்து, தனிப் பாஸ்வேர்டோ பாஸ்கீயோ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகை, முகம் மாதிரி போனின் பூட்டைக் கொண்டே நுழையும் வழி) வைத்துவிடுங்கள். வங்கி முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

மூடாமலே தொலைவதும் உண்டு. மைஸ்பேஸ் என்கிற சமூக வலைத்தளம் மூடவில்லை, ஆனால் 2015 வரை அதில் ஏற்றிய பாட்டும் படமும் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019-இல் தெரியவந்தது. கூகுள் இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியது, அதனால் எப்போதோ திறந்து மறந்த கணக்கு இருந்தால் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். டேக்அவுட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருடத்துக்குத் தானாகத் தயார் செய்யச் சொல்லும் வசதியும் இருக்கிறது, ஒரு டிக் போட்டால் போதும், ஆனால் வருகிற லிங்க்கைச் சொடுக்கி இறக்குவது உங்கள் வேலை.

இறக்கியதை இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று உங்கள் கையில் இருக்கிற ஹார்ட் டிஸ்க், இன்னொன்று வேறொரு நிறுவனத்தின் கிளவுட். திறந்து பார்த்து, தேடி, இரண்டாவது பிரதியும் போட்ட பிறகு, அந்தச் சேவைக்கு மாதாமாதம் போகிற ஆட்டோபே ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள். கணக்கை அழிப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.