பூட் கேம்ப் பயிற்சிக்கு முதன்முறையாகப் போகிறீர்களா? முதல் நாள் முதல் முதல் மாதம் வரை

பூட் கேம்ப் வகுப்பில் பெயரைக் கொடுத்துவிட்டு, அந்த நாள் நெருங்க நெருங்கப் பதற்றப்படுகிறவர்கள் நிறையப் பேர். எல்லாரும் ஓடும்போது நான் மட்டும் நின்றுவிட்டால் என்ன செய்வது? ஒரு தண்டால்கூட எடுக்க வராதே? இந்த இரண்டு கேள்விகளும் அவர்கள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பதிவு அவர்களுக்காகத்தான்.

ராணுவத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தரும் அடிப்படைப் பயிற்சியின் பெயரைத்தான் இந்த வகுப்புகளும் வைத்துக்கொண்டிருக்கின்றன. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது இதுதான்: ஒரு குழு, ஒரு பயிற்சியாளர், 45 முதல் 60 நிமிடம், உடல் எடையையே பயன்படுத்தும் பயிற்சிகள், இடையிடையே ஓட்டம், கொஞ்சம் டம்பெல், கெட்டில்பெல் (மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு), கயிறு.

முதல் வகுப்புக்கு ஒரே ஓர் இலக்கு போதும்: அடுத்த வகுப்புக்கு வரக்கூடிய நிலையில் வீடு திரும்புங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றை நோக்கித்தான்.

படி 1: முதலில் உடம்பை விசாரியுங்கள்

இதயக் கோளாறு உண்டா? உழைக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா? தலைசுற்றி விழுந்ததுண்டா? ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுக்கிறீர்களா? குனிந்து நிமிர்ந்தால் மோசமாகும் முட்டிவலி, முதுகுவலி ஏதாவது இருக்கிறதா? கனடாவில் உருவாகி இன்று பல நாடுகளில் பயன்படும் ‘பார்-கியூ’ என்ற கேள்வித்தாள் இப்படிப்பட்டவற்றைத்தான் கேட்கிறது. ஒன்றுக்காவது ‘ஆம்’ என்று பதில் வந்தால், மருத்துவரைப் பார்த்த பிறகு சேருங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கடும் பயிற்சியின்போதும் அதற்குப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கக்கூடும். எந்த அளவில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் அண்மையில் பிரசவம் ஆனவர்களும் மருத்துவர் சம்மதமில்லாமல் தொடங்க வேண்டாம்.

நீண்ட நாள் அசையாமல் இருந்தவர் என்றால், வகுப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களாவது வேகநடை போய்ப் பழகுங்கள். நேராகப் போய்க் குதிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 2: என்ன போடுவது, எப்போது சாப்பிடுவது

ஷூதான் முக்கியம். ஓட்டத்துக்கென்றே செய்த ஷூக்களில் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். முன்னோக்கி ஓட அது சரி. பக்கவாட்டில் தாவும்போதும் எடையோடு உட்கார்ந்து எழும்போதும் அது ஆட்டம் கொடுக்கும். தட்டையான, அகன்ற அடிப்பாகம் உள்ள டிரெய்னிங் ஷூ பொருத்தமானது. இருப்பது ஓட்ட ஷூ மட்டும்தான் என்றால் முதல் மாதம் அதையே போட்டுக்கொண்டு போங்கள். புது ஷூவை முதல்முறையாக வகுப்பில் போட்டுப் பார்க்காதீர்கள்.

பெண்களுக்கு நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் பிரா கட்டாயம். துண்டு, தண்ணீர், தரையில் விரிக்கப் பாய், இவ்வளவுதான் மற்றவை. முழுச் சாப்பாடு என்றால் 2 முதல் 3 மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவும் ஆபத்தாகலாம்.

படி 3: பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள்

பயிற்சியாளரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: ‘நான் இன்றுதான் முதல்முறை வருகிறேன்’, ‘எனக்கு இந்த இடத்தில் வலி இருக்கிறது’. அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நல்ல பயிற்சியாளர் மேலும் இரண்டு கேள்வி கேட்பார், ஒவ்வொரு பயிற்சிக்கும் எளிய வடிவத்தைச் செய்து காட்டுவார், வகுப்பு நடக்கும்போது நடந்து வந்து உங்கள் முதுகையும் முட்டியையும் பார்த்துத் திருத்துவார். பின்தங்குகிறவருக்குத் தண்டனையாகக் கூடுதல் எண்ணிக்கை கொடுக்கிற வகுப்பு புதியவர்களுக்கு ஆகாது. அங்கிருந்து தயங்காமல் விலகிவிடுங்கள். சோர்ந்த உடம்பை மேலும் விரட்டும்போதுதான் அடிபடும்.

படி 4: வார்ம்-அப்

5 முதல் 10 நிமிடம். மெல்லோட்டம், கை சுழற்றுதல், இடுப்பைத் திருப்புதல், மெதுவாக உட்கார்ந்து எழுதல். தாமதமாக வந்து இதைத் தவறவிட்டால், ஓரமாக நின்று நீங்களே செய்துவிட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள்.

படி 5: முக்கியப் பகுதி

இங்கே பயிற்சியாளர் சில பெயர்களைச் சொல்வார். ‘சர்க்யூட்’ என்றால் ஐந்தாறு இடங்களில் ஐந்தாறு பயிற்சிகள், மணியடித்ததும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ‘ஆம்ரேப்’ என்றால் குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிகச் சுற்று. ‘ஈமாம்’ என்றால் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் குறித்த எண்ணிக்கையை முடித்து, மிச்ச நொடிகளில் ஓய்வு.

‘டபாட்டா’ என்பதும் அடிக்கடி காதில் விழும். 20 நொடி உழைப்பு, 10 நொடி ஓய்வு, மொத்தம் 8 சுற்று, 4 நிமிடம். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது இது. அந்த ஆய்வில் ஏற்கெனவே நல்ல உடற்தகுதி கொண்ட இளைஞர்கள், அசையாத சைக்கிளில், இனி ஒரு மிதிகூட முடியாது என்னும் அளவுக்கு மிதித்தார்கள். புதியவர் அந்தத் தீவிரத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நேர அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் வேகத்தில் செய்யுங்கள்.

இனி, கட்டாயம் எதிர்கொள்ளப்போகும் பயிற்சிகள்.

*ஸ்குவாட்.* பாதங்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளி இறங்குங்கள். குதிகால் தரையைவிட்டு எழும்பக் கூடாது. முட்டி, கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே மடங்கக் கூடாது. எவ்வளவு ஆழம் இறங்குவது என்று தெரியாவிட்டால் பின்னால் ஒரு பெஞ்சை வைத்து, லேசாகத் தொட்டதும் எழுந்துவிடுங்கள்.

*தண்டால்.* தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. இதில் இடுப்பு தொங்கினால் வேலை முதுகுக்குப் போய்விடும். முழுத் தண்டால் வராதவர்களை முட்டி ஊன்றிச் செய்யச் சொல்வது வழக்கம். எனக்குப் பிடித்தது வேறு வழி: கையைச் சுவரிலோ உயரமான பெஞ்சிலோ ஊன்றுங்கள். உடம்பு முழுக் கோட்டில் இருக்கப் பழகும். வாரங்கள் போகப் போக ஊன்றும் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒருநாள் தரையைத் தொட்டுவிடலாம்.

*லஞ்ச்.* ஒரு காலை நீள அடியாக எடுத்து வைத்து, இரண்டு முட்டியையும் மடக்கி இறங்கி எழுவது. முன்னால் அடி வைப்பதைவிடப் பின்னால் அடி வைத்து இறங்குவது முட்டிக்கு இதமானது. முதல் மாதம் பின்னால் வைப்பதையே செய்யுங்கள்.

*பிளாங்க்.* முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி, உடம்பை ஒரே கோட்டில் அசையாமல் நிறுத்துவது. நேரத்தைத் துரத்தாதீர்கள். கோடு குலையாமல் 15 நொடி நின்றால் போதும். குலைந்ததும் இறங்கி, மூச்சு வாங்கி, மறுபடி ஏறுங்கள்.

*பர்ப்பி.* எல்லாரும் அஞ்சுவது இதற்குத்தான். ராயல் பர்ப்பி என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1930களில் ஒருவரின் உடற்தகுதியை அளக்க எளிய சோதனையாக இதை வகுத்தார். அதில் நான்கே அசைவுகள்: குந்தி உட்கார்ந்து கையை ஊன்றுவது, காலைப் பின்னால் நீட்டுவது, காலை மறுபடி உள்ளே இழுப்பது, எழுந்து நிற்பது. இன்று வகுப்புகளில் சேர்க்கிற தண்டாலும் துள்ளலும் அதில் கிடையாது. ஆகவே அவற்றை விட்டுவிட்டுச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கால்களைத் துள்ளிப் பின்னால் எறிவதும் கடினமாக இருந்தால், ஒவ்வொரு காலாக எடுத்து வையுங்கள்.

குதிக்கிற எந்தப் பயிற்சிக்கும் குதிக்காத வடிவம் ஒன்று உண்டு. காலை விரித்துக் குதித்துக் கையை உயர்த்தும் ஜம்பிங் ஜாக்குக்குப் பதில் ஒரு பக்கமாக அடி வைத்துக் கையை உயர்த்தலாம். கனத்த உடம்பு உள்ளவர்களும் முட்டிவலி உள்ளவர்களும் இதையே தேர்ந்தெடுங்கள். பிரசவம் ஆன பல பெண்களுக்குக் குதிக்கும்போது சிறுநீர் கசியும். இது பரவலான பிரச்சினை, சரிசெய்யக்கூடியதும்கூட. பேசாமல் சகித்துக்கொண்டு வகுப்பையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு என்பதால் இதை வெளிப்படையாகச் சொல்கிறேன். குதிப்பதை நிறுத்திவிட்டு, இடுப்புத்தளத் தசைகளில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள்.

கெட்டில்பெல் வீசும் பயிற்சியை மட்டும், தனியாகச் சொல்லிக்கொடுக்கும்வரை தொடாதீர்கள். இடுப்பை மடக்கும் விதம் பிடிபடாமல் செய்தால் கீழ்முதுகு இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

படி 6: எவ்வளவு வேகம்?

ஓய்வாக உட்கார்ந்திருப்பது 0, இதற்குமேல் ஓர் அணுவும் முடியாது என்பது 10. இப்படி ஓர் அளவுகோலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உழைப்பை உணர்வால் அளக்கலாம் என்று காட்டியவர் ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க். முதல் சில வகுப்புகளில் நீங்கள் 6ஐத் தாண்ட வேண்டாம். பேச்சாலும் சோதிக்கலாம்: ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடிகிறதா? சரியான இடத்தில் இருக்கிறீர்கள். இரண்டு சொல்லுக்குமேல் வரவில்லையா? வேகத்தைக் குறையுங்கள்.

கையில் இதயத்துடிப்பு காட்டும் கடிகாரம் இருந்தாலும் உணர்வையே முதலில் நம்புங்கள். அதிகபட்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220இல் வயதைக் கழிப்பது தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தாராளமாக மாறும். பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, அவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மூச்சை அடக்காதீர்கள். தள்ளும்போதும் எழும்போதும் வெளியே விடுங்கள், இறங்கும்போது உள்ளே இழுங்கள். நிற்க வேண்டும்போல் இருந்தால் நின்று, இடத்திலேயே நடந்துவிட்டு மறுபடி சேருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அவருடைய டைமரைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும், உங்களை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். நெஞ்சழுத்தமும் பரவும் வலியும் வந்தால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், ‘சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும்’ என்று பார்க்கக் கூடாது.

படி 7: முடிந்ததும் பொத்தென்று உட்காராதீர்கள்

கடும் உழைப்பில் கால் தசைகளின் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். திடீரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலை கிறுகிறுக்கும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, தொடை, கெண்டைக்கால், மார்பு, தோள் எல்லாவற்றையும் நிதானமாக நீட்டிவிடுங்கள்.

படி 8: அடுத்த மூன்று நாள்

முதல் வகுப்புக்கு மறுநாள் காலை மாடிப்படி இறங்குவது பெரும்பாடாக இருக்கலாம். இந்தத் தசைவலி பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே குறையும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருகிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே வெளியேறிவிடுகிறது. பாரத்தைத் தாங்கியபடி தசை நீளும்போது, அதாவது ஸ்குவாட்டில் இறங்கும்போதும் தண்டாலில் கீழே போகும்போதும், இழைகளில் உண்டாகும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய நடக்கும் வேலையுமே வலிக்குக் காரணம். அதே பயிற்சியை இரண்டாம் முறை செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்திருக்கும்.

அசையாமல் படுத்துவிடாதீர்கள், மெதுநடை வலியைத் தளர்த்தும். இரண்டு காலிலும் பரவலாக இருக்கும் மந்தமான வலி இயல்பானது. ஒரே மூட்டில் குத்தும் வலி, வீக்கம், நடக்கும்போது கூடும் வலி என்றால் அது காயம்.

இன்னொன்றும் உண்டு, அரிதானாலும் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீர் தேநீர் நிறத்திலோ கோலா நிறத்திலோ போனால், தசை வீங்கி வலி தாங்க முடியாமல் இருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை பெருமளவில் சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமயோலிசிஸ் என்ற நிலை அது. பழகாத உடம்பை முதல் நாளே எல்லை தாண்டி விரட்டும்போது இது வரும் வாய்ப்பு கூடுகிறது. படி 6இல் அந்த 6ஐ இவ்வளவு வலியுறுத்தியது இதனால்தான்.

படி 9: முதல் மாதம்

வாரம் இரண்டு வகுப்பு, இடையில் குறைந்தது 48 மணி நேரம். மற்ற நாட்களில் நடை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையோ 75 முதல் 150 நிமிடத் தீவிர உழைப்பையோ சொல்கிறது, கூடவே இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும். இரண்டு வகுப்பும் தினசரி நடையுமாகச் சேர்ந்தால் அந்த இலக்கு எளிதாக எட்டிவிடும்.

இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே தண்டால் எளிதாவதை உணர்வீர்கள். தசை இன்னும் பெருத்திருக்காது. தசை இழைகளை ஒரே நேரத்தில் இயக்க நரம்புகள் கற்றுக்கொண்டதுதான் அந்த வலு. எடை பார்க்கும் மெஷினில் இந்த மாற்றம் தெரியாது. சேதமான தசை நீரைப் பிடித்துவைப்பதால் தொடக்கத்தில் எடை சற்று ஏறினாலும் வியக்க வேண்டாம். அதற்குப் பதில் ஒரு நோட்டில் மூன்று எண்களை வாரம் ஒருமுறை எழுதுங்கள்: எந்த உயரத்தில் ஊன்றி எத்தனை தண்டால், பெஞ்சைத் தொட்டு எத்தனை ஸ்குவாட், கோடு குலையாமல் எத்தனை நொடி பிளாங்க்.

இரண்டாம் மாதம் தொடங்கும்போது ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மூன்றாவது வகுப்பைச் சேர்த்தால் எடையைக் கூட்டாதீர்கள். குதிக்கும் வடிவத்துக்கு மாறினால் வகுப்பின் எண்ணிக்கையை அப்படியே வையுங்கள். இரண்டு வாரம் அதில் வலியில்லாமல் போனால், நோட்டைப் பார்த்து அடுத்தது எது என்று பயிற்சியாளரோடு பேசி முடிவுசெய்யுங்கள்.