கோழிக்கூண்டு கட்டும்போது கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள்

நாட்டுக்கோழி வளர்க்கப் புதிதாக இறங்குகிறவர்கள் கூண்டைப் படமெடுத்து அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். பெயின்ட் அருமை, கூரை அருமை. வலை மட்டும் அந்தக் காலத்தில் நாங்கள் வாங்கிக் கட்டிய அதே வலை. தண்ணீர் மாற்றுவது, கூட்டுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

கோழி வலை

முறுக்கிப் பின்னிய மெல்லிய அறுகோண வலை கோழியை வெளியே விடாது, அவ்வளவுதான். உள்ளே வருவதை அது தடுக்காது. தெருநாய் பல்லால் பிடித்து இழுத்தால் பிரிந்துவிடும். சில மழைக்காலம் போனால் அடிப்பக்கம் துருவேறி விரலாலேயே ஒடியும்.

கிழியாவிட்டாலும் ஆபத்துதான். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் விடியற்காலையில் கூப்பிட்டார். பூட்டு பூட்டியபடி, வலை அப்படியே, உள்ளே இரண்டு பெட்டைகள் தலையில்லாமல் கிடந்தன. வீட்டில் செய்வினை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தால், கோழி அடையும் கட்டையை வலையை ஒட்டிக் கட்டியிருக்கிறார். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, இடத்தைவிட்டு நகராது. மரநாய் வெளியே இருந்தபடியே ஓட்டை வழியாகக் கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது.

அரை அங்குல வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் சேரும் இடமெல்லாம் பற்றவைத்த சதுரக்கட்ட வலை, போடுங்கள். விலை கூடத்தான். கட்டுப்படியாகாவிட்டால் கூண்டைச் சின்னதாக்குங்கள், கம்பிச் செலவில் கை வைக்காதீர்கள். சட்டத்தில் ஆணி அடித்து மடக்காமல், வாஷர் போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். அப்புறம், வலை தரையோடு நின்றுவிட்டால் பெருச்சாளி அடியில் வளை பறிக்கும். வெளிப்பக்கம் ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைப் படுக்கவைத்து மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். தோண்டுகிற பிராணி கூண்டின் ஓரத்தில்தான் நகம் வைக்கும். அங்கே கம்பி தட்டினால், தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. இதைச் சொன்னால் "பார்த்துக்கலாம்ணே" என்கிறார்கள். பார்ப்பது பெருச்சாளிதான்.

பகலில் பயமில்லை என்று திறந்து போடுவது

கீரி பகலில்தான் வரும்.

தார்ப்பாய்

மழைக்கென்று நாலு பக்கமும் இறக்கிவிட்டு அப்படியே மறந்துவிடுவது. எச்சத்தின் அம்மோனியா வாடை உங்கள் கண்ணை எரித்தால் கோழிக்குச் சளி தூரத்தில் இல்லை. கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே விழாது. சாரல் அடிக்கிற பக்கம் மட்டும், அதுவும் மழை நேரத்துக்கு மட்டும் பாயை இறக்கினால் போதும்.

முட்டைப் பெட்டி

ஐந்து பெட்டைக்கு ஒன்று போதும். அடையும் கட்டையைவிடத் தாழ்வாக வையுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி அதில் ஏறிப் படுத்து எச்சம் போட்டு வைக்கும்.