கால்பந்து ஆட்டத்தை வீட்டில் கூடிப் பார்ப்பது எப்படி: இருக்கை, தீனி, விளையாட்டு

கால்பந்து பார்க்க ஆட்களை அழைத்துவிட்டால் அன்றைக்கு உங்கள் வீட்டுக் கடிகாரம் நடுவரின் கைக்குப் போய்விடுகிறது. கிரிக்கெட்டைப் போல ஓவருக்கு ஓவர் மூச்சுவிட இடம் கிடையாது. 45 நிமிடம் ஓடும், அதிகபட்சம் 15 நிமிட இடைவேளை, மறுபடியும் 45. இதற்குள் கோல் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2002 உலகக் கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிராகத் துருக்கியின் ஹக்கான் ஷுக்குர் 11 விநாடிகளுக்குள் கோல் போட்டார். 2014 அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக ஜெர்மனி 23ஆம் நிமிடத்திலிருந்து 29ஆம் நிமிடத்துக்குள் நான்கு கோல் அடித்தது. அந்த ஆறு நிமிடம் அடுப்படியில் நின்றவருக்கு ஆட்டமே போயிற்று. அதனால் எந்த ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: பந்து ஓடும்போது யாராவது எழ வேண்டி வருமா? வந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டுக்காரரும் அந்த 'யாராவது'வில் சேர்த்திதான்.

நேரம்

ஆட்டம் வேறு கண்டத்தில் நடந்தால் தேதிக் குழப்பம் கட்டாயம் வரும். 'சனிக்கிழமை இரவு 12.30' என்று அழைத்தால் பாதிப் பேர் ஒருநாள் தப்பி வருவார்கள். 'ஞாயிறு அதிகாலை 12.30, அதாவது சனிக்கிழமை இரவு தூங்கப்போகும் முன்' என்று விளக்கமாக எழுதுங்கள். கிக்-ஆஃபுக்கு, அதாவது ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு, 45 நிமிடம் முன்னதாக வரச் சொல்லுங்கள். தாமதமாக வருபவர்கள்கூட அப்போது முதல் விசிலுக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

லீக் ஆட்டம் என்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். தோற்ற அணி வெளியேறும் நாக்-அவுட் ஆட்டம் சமநிலையில் நின்றால், 30 நிமிடக் கூடுதல் நேரம், அதற்கும் மேல் இரு அணியும் மாறி மாறி பெனால்டி அடித்து வெற்றியை முடிவுசெய்யும் ஷூட்-அவுட் என்று மூன்று மணி நேரம் வரை இழுக்கலாம். காயம், மாற்று ஆட்டக்காரர், விஏஆர் (காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் முறை) பரிசீலனை என வீணாகும் நேரத்துக்கு நடுவர் சேர்க்கும் நிமிடங்களையும் மறக்க வேண்டாம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் அது இரு பாதியும் சேர்ந்து 20 நிமிடத்தைத் தாண்டியது. சாப்பாட்டை 'ஆட்டம் முடிந்ததும்' என்று தள்ளிவைத்தால் பட்டினியில் முடிவது இதனால்தான்.

திரையும் இருக்கையும்

முந்தின நாளே அதே செயலியில், அதே கணக்கில், அதே வேளையில் ஏதாவது ஒரு நேரலையை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். இணையம் வழியாகப் பார்ப்பதானால் வை-ஃபையை நம்பாமல் கம்பி இணைப்பைக் கொடுங்கள். பத்துப் பேரின் கைப்பேசிகளும் அதே வை-ஃபையில் ஏறும்போதுதான் படம் திக்கித் திணறும்.

இணைய நேரலை, கேபிள் அல்லது டிஷ் ஒளிபரப்பைவிடப் பெரும்பாலும் அரை நிமிடம் வரை பின்தங்கியே வரும். பக்கத்து வீட்டில் கூச்சல் எழுந்த பிறகு உங்கள் திரையில் பந்து அப்போதுதான் நடுக்களத்தைத் தாண்டும். அந்த வலி வேண்டாமென்றால் கேபிள் அல்லது டிஷ் இணைப்பு இருக்கும் வீட்டிலேயே கூடுங்கள். முடியாவிட்டால், எல்லாரும் ஸ்கோர் அறிவிப்புகளையும் குழு அரட்டைகளையும் கிக்-ஆஃபுக்கு முன் அணைத்துவிட வேண்டும். இதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஒலிபெருக்கியை புளூடூத்தில் இணைத்தால் வர்ணனை படத்துக்குப் பின்னால் ஓடும். எச்டிஎம்ஐ அல்லது ஆப்டிக்கல் கம்பி நல்லது. தொலைக்காட்சியில் அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். வேகமாகப் பறக்கும் பந்துக்கு வால் முளைப்பது அதனால்தான். புரொஜெக்டர் வைப்பவர்கள் அறையை இருட்டாக்க வழியிருக்கிறதா என்று பகலிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

55 அங்குலத் திரைக்குச் சுமார் 2 மீட்டர் தள்ளி முதல் வரிசை. தரையில் பாய், மெத்தை. அதற்குப் பின்னால் சோபா. அதற்கும் பின்னால் உயரமான நாற்காலிகள். இப்படி படிக்கட்டுபோல் அமைத்தால் ஒருவர் தலை மற்றவருக்கு மறைக்காது. கழிப்பறைக்கும் தீனி மேசைக்கும் போகும் வழி வரிசைகளுக்குப் பின்புறம் இருக்கட்டும். தீனியைத் திரைக்குக் கீழே வைப்பது பலரும் செய்யும் தவறு. ஒருவர் கை நீட்டினால் பத்துப் பேருக்கு ஆட்டம் மறையும்.

இரண்டு அணி ரசிகர்களையும் எதிரெதிராகப் பிரித்து உட்காரவைக்காதீர்கள். கலந்து உட்கார்ந்தால் கிண்டல் கிண்டலாகவே நிற்கும். ஆட்டம் புரியாதவர் யாராவது இருந்தால், பொறுமையாகச் சொல்லித்தரக்கூடிய ஒருவர் பக்கத்தில் இடம் கொடுங்கள். ஆஃப்சைடு (சக ஆட்டக்காரர் பந்தை அனுப்பும் நேரத்தில் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி கோலுக்கு அருகே நிற்கும் தவறு) என்றால் என்ன என்பதை ஆட்டத்துக்கு முன்பே மேசைமேல் நாலு நாணயங்களை நகர்த்திக் காட்டிவிடலாம்.

தீனி

ஒரு கையால் எடுக்க வேண்டும், கண் திரையை விட்டு நகரக் கூடாது, சொட்டக் கூடாது. குழம்பு, எலும்பு, கரண்டி வேண்டிய எதுவும் ஆட்ட நேரத்துக்கு ஆகாது. மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வந்தவுடன் கொறிக்க, இடைவேளையில் வயிறு நிரம்ப, ஆட்டம் முடிந்து பேச்சோடு எடுத்துக்கொள்ள. யாருக்கு எது ஒவ்வாது என்பதை, முக்கியமாக வேர்க்கடலையை, முன்கூட்டியே கேளுங்கள். கீழே வரும் அளவுகள் பத்துப் பேருக்கு.

முதல் சுற்றுக்குப் பாப்கார்ன் போல எதுவும் இல்லை. 200 கிராம் சோளமணி பொரிந்தால் ஏறத்தாழ 30 கப் வரும். ஆளுக்கு மூன்று கப். 100 கிராமுக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் போதும். மூடியைச் சற்றே திறந்துவைத்துப் பொரியுங்கள். ஆவி உள்ளேயே தங்கினால் சவசவவென்று ஆகிவிடும். கல் உப்பு பாத்திரத்தின் அடியில் போய்த் தங்கும், ஆகவே உப்பை மிக்சியில் மாவாகப் பொடித்துத் தூவுங்கள். ஒரே பெரிய பாத்திரத்தில் வைக்காமல் நான்கைந்து கிண்ணங்களில் பிரித்து, எல்லார் கைக்கும் எட்டும்படி வையுங்கள்.

சாண்ட்விச்சுக்கு 20 ரொட்டித் துண்டுகள்: பத்து சாண்ட்விச், ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் ஆளுக்கு நான்கு. தக்காளியும் வெள்ளரியும் நீர்விட்டு ரொட்டியை ஊறவைத்துவிடும். வெட்டிய காய்களைத் துணியில் ஒற்றியெடுத்து, ரொட்டியின் விளிம்புவரை வெண்ணெய் தடவி, அதன்மேல் அடுக்குங்கள். வெண்ணெய் ஈரத்தைத் தடுக்கும். லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் மூடி, குளிர்பெட்டியில் வைத்தால் இடைவேளைவரை காயாமல் இருக்கும்.

மொறுமொறுப்பாக ஏதாவது வேண்டுமென்றால் கவனம் தேவை. பொரித்ததை மூடிய பாத்திரத்தில் வைத்தால் அதன் ஆவியே அதைத் தொய்ய வைத்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு: ஒன்றரை கிலோ உருளைக்கிழங்கை நீளவாக்கில் வெட்டி, எண்ணெயும் உப்பும் பிசிறி, 200 டிகிரி ஓவனில் முக்கால் பதம்வரை, அதாவது 25 நிமிடம், முன்பே வேகவைத்து எடுத்து வையுங்கள். முதல் பாதி ஓடும்போது ஓவன் 220 டிகிரியில் சூடாகவே இருக்கட்டும். இடைவேளை விசில் ஊதியதும் தட்டை உள்ளே தள்ளினால் பத்து நிமிடத்தில் தயார். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் வேகுமே தவிர மொறுகாது. இரண்டு தட்டுகளில் பரப்புங்கள்.

குடிக்கத் தண்ணீரும் சேர்த்து ஆளுக்கு ஒரு லிட்டர், பனிக்கட்டி ஆளுக்கு அரை கிலோ. கோல் விழும்போது எல்லாரும் துள்ளி எழுவார்கள். அந்த நேரத்தில் தரையில் இருக்கும் உயரமான கண்ணாடிக் குவளை நிச்சயம் உருளும். மூடியிட்ட பாட்டில் அல்லது அடி அகன்ற குட்டைக் குவளை கொடுத்து, பெயரெழுதி ஒட்டுங்கள்.

எந்தச் சமைத்த உணவும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பால், முட்டை, இறைச்சி சேர்ந்ததை ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டிய அளவு மட்டும் வெளியே எடுங்கள்.

விளையாட்டுகள்

ஆட்டத்துக்கு முன் கணிப்புத் தாள். சரியான ஸ்கோருக்கு 5 புள்ளி, வெற்றி–தோல்வி மட்டும் சரியென்றால் 2, முதல் கோல் அடிப்பவருக்கு 3, மொத்தக் கார்னர்களுக்கு (களத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதைகளுக்கு) 2. இருவர் புள்ளி சமமாக வந்தால் தீர்க்க ஒரு கேள்வி: இரு பாதியிலும் பலகையில் காட்டும் சேர்ப்பு நிமிடங்களின் மொத்தம் எவ்வளவு? கிக்-ஆஃப் விசிலோடு தாள்களை வாங்கிவிடுங்கள். பெரிய சண்டை வரும் இடம் ஒன்று உண்டு: கணிப்பு 90 நிமிடத்துக்கா, 120 நிமிடத்துக்கா? ஷூட்-அவுட் கோல்கள் ஆட்ட ஸ்கோரில் சேராது. 2022 இறுதியாட்டத்தின் ஸ்கோர் 3-3. அர்ஜென்டினா வென்றது ஷூட்-அவுட்டில் 4-2 என்ற கணக்கில். எந்தக் கணக்கு என்பதைத் தாளின் தலையிலேயே எழுதுங்கள்.

கோல் சீட்டு இன்னும் எளிது. 1–10, 11–20 என்று 81–90 வரை ஒன்பது சீட்டு, பத்தாவதில் 'கோலே இல்லை'. சேர்ப்பு நிமிடக் கோல்களை முதல் பாதியில் 41–50க்கும், இரண்டாம் பாதியில் 81–90க்கும் கொடுங்கள். முதல் கோல் விழும் சீட்டுக்குப் பரிசு. அவரவர் விருப்பப்படி எடுக்கவிட்டால் தொடக்கச் சீட்டுகளுக்கு அடிதடி நடக்கும். குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். பணம் வைக்காதீர்கள், அதன்பிறகு யாரும் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள்.

பிங்கோவில், ஆட்டத்தில் நடப்பவற்றை அட்டையில் அடித்துக்கொண்டே வந்து ஒரு வரிசையை முதலில் நிரப்புபவர் வெல்வார். அட்டைக்கு 16 கட்டம். எட்டில் உறுதியாக நடப்பவை: கார்னர், ஆஃப்சைடு, மஞ்சள் அட்டை, பயிற்சியாளர் கைவீசிக் கத்துவது போன்றவை. ஐந்தில் நடக்கலாம் என்பவை: தலையால் முட்டிய கோல், கம்பத்தில் பட்ட பந்து. மூன்றில் அபூர்வமானவை: சிவப்பு அட்டை, சொந்த வலைக்கே கோல், விஏஆர் மாற்றிய தீர்ப்பு. எல்லாமே அபூர்வமாக இருந்தால் 70ஆம் நிமிடத்தில்கூட ஒருவருக்கும் வரிசை நிரம்பாது. அட்டைக்கு அட்டை இடம் மாற்றி எழுதினால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் 'பிங்கோ' என்று கத்துவது நடக்காது.

கிழங்கு மொறுகும் பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் பெனால்டி. உண்மையான கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பெனால்டிப் புள்ளி 11 மீட்டர் தொலைவில். வீட்டில் 3 மீட்டரிலிருந்து அடித்தால் 2 மீட்டர் அகலம், 67 சென்டிமீட்டர் உயரம் வைத்தால் அதே கணக்கு. இரண்டு நாற்காலியும் குறுக்கே ஒரு கயிறும் போதும். கோல்கீப்பர் மண்டியிட்டுத்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பந்தும் உள்ளே போகாது. பந்து துணியாலோ ஸ்பாஞ்சாலோ ஆனதாக இருக்கட்டும். தொலைக்காட்சிக்கு எதிர்ப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். அணிக்கு ஐந்து அடி, மாறி மாறி. ஆட்டக்காரர்கள் களத்துக்குத் திரும்புவதைத் திரையில் கண்டதும் பந்தை எடுத்து ஒளித்துவிடுங்கள்.

இறுதி விசிலுக்குப் பிறகு முதல் ஐந்து நிமிடம் தோற்ற அணிக்காரர்களைப் பேச விடுங்கள். பிறகு கணிப்புத் தாள்களைத் திருத்தி, பரிசைக் கொடுத்து, வெட்டிய பழங்களைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள்.