கொன்ட்ரோலர் அப்கிரேட்: வெர்ஷனை எங்கெங்கே பார்க்க வேண்டும்

"அப்கிரேட் முடிஞ்சுது சேர்" என்று எங்கள் பொடியன்களில் யாராவது இரவு ஒரு மணிக்குப் போன் எடுத்தால், நான் திருப்பிக் கேட்பது "எதின்ர வெர்ஷனைப் பார்த்தனீங்கள், தம்பி?" என்பதுதான். சிலருக்கு இந்தக் கேள்வி எரிச்சல். ஷோ வெர்ஷன் கட்டளை அடித்தால் புது இலக்கம் வருகிறது, வேறென்ன வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

வயர்லெஸ் கொன்ட்ரோலரில், அதாவது ஓர் இடத்தின் வைஃபை கருவிகளை எல்லாம் நடத்தும் பெட்டியில், வெர்ஷன் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. இப்போது ஓடுவது ஒன்று. அடுத்த முறை பூட் ஆகும்போது எழும்பப்போவது ஒன்று. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்படி ஜோடியாக இரண்டு பெட்டி வைத்திருந்தால் மற்றதில் ஒன்று. அதற்கு மேல், கூரையில் தொங்கி வைஃபை சிக்னல் கொடுக்கும் ஒவ்வொரு ஏபிக்குள்ளும் (அக்சஸ் பொயின்ட்) இரண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு, எல்லாம் ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் வேலை முடிந்தது என்று நான் ஒப்புக்கொள்வேன். முன் கண்ணாடியில் 100 என்று போர்ட் இருந்தாலும், பாணந்துறை வரை போகுமா என்று கொண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தானே பஸ்ஸில் ஏறுகிறோம்?

எங்கள் கந்தோர் கொழும்பு யூனியன் பிளேஸ் பக்கம். காலி வீதி ஹோட்டல்கள், கோட்டையில் அலுவலகங்கள், ஒன்றிரண்டு தனியார் வைத்தியசாலைகள் என்று வேலை ஓடுகிறது. பெரும்பாலும் சிஸ்கோ பெட்டிகள்தான், அதனால் கீழே உள்ளதும் சிஸ்கோ பற்றியே: முக்கியமாக கட்டலிஸ்ட் 9800 கொன்ட்ரோலர், கடைசியில் கொஞ்சம் ஏர்ஓஎஸ் என்ற மென்பொருளில் ஓடும் பழைய கொன்ட்ரோலர்கள். கட்டளைகளை நாங்கள் போனில் ஒருவருக்கொருவர் சொல்லும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

எந்த வெர்ஷனுக்குப் போகிறோம்

இதை வேலை நடக்கும் இரவில் தீர்மானிக்கக் கூடாது. ரிலீஸ் நோட்ஸை எடுத்து, ஆதரவுள்ள ஏபி மொடல்களின் பட்டியலை முதலில் வாசியுங்கள். புது வசதிகள் பற்றிய பகுதி காத்திருக்கும்.

கொழும்பில் இது ஏன் முக்கியம் என்றால், எங்கள் கூரைகளில் பழைய ஏபிகள் இன்னும் நிறைய. 2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது, மாற்ற இருந்தவற்றையும் பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். 1700, 2700, 3700 வரிசை ஏபிகளுக்கு 9800 இல் 17.3 வரை ஆதரவு இருந்தது. 17.4 இல் எடுத்துவிட்டார்கள். பிறகு 17.9.3 இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே 2702 ஏபிகள் உள்ள ஹோட்டலை 17.6க்குக் கொண்டுபோனால் கொன்ட்ரோலர் அழகாக எழும்பும், அறைகளில் வைஃபை இருக்காது. "புதுசு என்றால் பழையதையும் சேர்த்து எடுக்கும்தானே" என்ற ஊகம் இங்கே எடுபடாது.

இதே பழைய ஏபிகளுக்கு இன்னொரு பொறியும் உண்டு. அவற்றின் இமேஜை (உள்ளே ஓடும் மென்பொருள் ஃபைல்) உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்று 2022 டிசம்பர் 4 ஆம் திகதி காலாவதியானது. திருத்தம் இல்லாத வெர்ஷனுக்கு மாற்றினால் அவை 'டவுன்லோடிங்' நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். திருத்தம் உள்ள வெர்ஷனைத் தெரிவுசெய்வதுதான் சரியான வழி. வேறு வழியே இல்லாதபோது நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபியை நிறுத்தி, கொன்ட்ரோலரின் கடிகாரத்தை அந்தத் திகதிக்கு முந்திய ஒரு நாளுக்குப் பின்னோக்கித் திருப்பி, ஏபிகள் இறக்கி முடித்ததும் பழையபடி வைக்கிறார்கள். சிஸ்கோவே சொன்ன வழிதான், ஆனாலும் எனக்குப் பிடிக்காது. லொக்கில் நேரம் எல்லாம் குழம்பிவிடும்.

அப்புறம் எழுத்து. 17.9.4 வேறு, 17.9.4ஏ வேறு. 2023 ஒக்டோபரில் ஐஓஎஸ் எக்ஸ்இயின் (9800 இல் ஓடும் மென்பொருள்) வெப் பக்கத்தில் வெளியான பாதுகாப்பு ஓட்டைக்கு, பதிவு இலக்கம் சிவிஇ-2023-20198, பத்துக்குப் பத்துக் கடுமை கொடுத்தார்கள். 17.9 வரிசையில் அதற்கான திருத்தம் வந்தது அந்த 'ஏ' உள்ள வெர்ஷனில். மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் "17.9.4" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால், எந்த ஃபைலை இறக்கினோம் என்று நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது. முழுப் பெயரை எழுதுங்கள், கடைசி எழுத்து உட்பட.

போகும் முன் எழுதி வைக்க வேண்டியவை

ஷோ வெர்ஷனில் இலக்கத்தோடு 'இன்ஸ்டலேஷன் மோட்' வரியையும் பாருங்கள். அது இன்ஸ்டோல் என்று இருக்க வேண்டும். பண்டில் (ஒரே பெரிய ஃபைலிலிருந்து நேரே ஓடும் முறை) என்றிருந்தால் முதலில் அதை மாற்றும் வேலை இருக்கிறது, இன்றைய இரவுத் திட்டம் வேறாகிவிடும். எந்த ஃபைலிலிருந்து எழும்ப வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்வது 'பூட் வேரியபிள்'; ஷோ பூட்டில் அது 'பக்கேஜஸ் டொட் கொன்ஃப்' ஃபைலைக் காட்டுகிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ ஒரு 'டொட் பின்' (.bin) ஃபைலை நேரே பூட்டுக்குக் கொடுத்து வைத்திருந்தால், நீங்கள் என்ன செய்தாலும் பெட்டி அந்தப் பழையதிலிருந்தே எழும்பும்.

ஜோடி என்றால் ஷோ சேசிஸில் இரண்டும் 'ரெடி'. ஷோ ரிடன்டன்சியில் மற்றது 'ஸ்டான்ட்பை ஹொட்', அதாவது உடனே பொறுப்பேற்கத் தயார். அதே வெளியீட்டில் இரண்டு பெட்டிகளின் இமேஜ் விபரமும் வரும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஷோ ஏபி சமரி. எத்தனை ஏபி, என்னென்ன பெயர் என்று முழுதாக ஒரு ஃபைலில் சேமியுங்கள். விடியற்காலையில் "எங்கட பான்குவெட் ஹோலில் சிக்னல் இல்லை" என்று மேனேஜர் சொன்னால், அது அப்கிரேட்டால் போனதா, இரண்டு மாதமாகவே செத்துக் கிடந்ததா என்று சொல்ல இந்த ஒரு ஃபைல்தான் சாட்சி.

9800 என்றால் இன்னொன்றும் தேடுங்கள்: ரன்னிங் கொன்ஃபிக்கில் 'ஏபி அப்கிரேட் மெத்தட் எச்டிடிபிஎஸ்' என்ற வரி. ஏபிகள் இமேஜை வேறு வழியால் இறக்கும் வசதி அது. இயல்பாக மூடித்தான் இருக்கும். 2025 மே மாதம் அதில் மோசமான ஓட்டை ஒன்று வெளியானது, சிவிஇ-2025-20188. வரி இருந்தால், திருத்தம் உள்ள வெர்ஷனுக்குப் போகும்வரை அதை எடுத்துவிடுங்கள். ஏபிகள் வழமையான கப்வப் (கொன்ட்ரோலரும் ஏபியும் பேசிக்கொள்ளும் முறை) வழியால் இறக்கிக்கொள்ளும்.

ஃபைலைச் சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை. இறக்கிய லப்டொப்பில் 'சர்ட்யுடில்' கட்டளையால் எஸ்எச்ஏ512 (ஃபைலின் கைரேகை மாதிரியான குறியீடு) எடுத்து சிஸ்கோ பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்குள் ஏற்றிய பிறகு, அதே மாதிரி இன்னொரு குறியீட்டைப் பார்க்கும் 'வெரிஃபை எம்டி5' கொடுத்து மறுபடியும் ஒருமுறை. லப்டொப்பில் சரியாக இருந்த ஃபைல் பெட்டிக்குப் போகும் வழியில் உடைவதும் உண்டு.

ஏற்றுதல், முன்கூட்டி அனுப்புதல்

புதிய ஃபைலைப் பெட்டிக்குள் பதியும் 'இன்ஸ்டோல் அட்' (add) முடிந்ததும் ஷோ இன்ஸ்டோல் சமரி பாருங்கள். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் முன்னால் ஓர் எழுத்து இருக்கும். பழையதற்கு 'சி', அதாவது செயலில் இருக்கிறது, உறுதியும் செய்யப்பட்டது. புதியதற்கு 'ஐ', ஏற்றப்பட்டது, செயலில் இல்லை. இந்த நேரத்தில் ஷோ வெர்ஷன் பழையதைத்தான் காட்டும், பயப்பட வேண்டாம்.

அடுத்தது புதிய இமேஜை ஏபிகளுக்கு முன்கூட்டி அனுப்பும் 'ஏபி இமேஜ் பிரீடவுன்லோட்'. இதைத் தவிர்த்துவிட்டு நேரே அக்டிவேட் செய்து புதிய வெர்ஷனைச் செயலுக்குக் கொண்டுவருபவர்களை நான் கண்டிருக்கிறேன். கொன்ட்ரோலர் புதிய வெர்ஷனில் எழும்பியதும், ஏபிகள் ஒவ்வொன்றாக வந்து, வெர்ஷன் பொருந்தவில்லை என்று கண்டு, அப்போதுதான் இறக்கத் தொடங்கும். கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் கிளைகள் உள்ள இடமென்றால் அத்தனை இமேஜும் அந்த ஒரே லைனில் வரிசை நிற்கும். முன்கூட்டி அனுப்பினால் சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இறங்கிவிடும். கிளைகளில் ஃப்ளெக்ஸ்கனெக்ட் (தூரக் கிளைகளுக்கான முறை) ஏபிகள் என்றால், அவற்றுக்குத் தனி சைட் டக் (ஓர் இடத்து ஏபிகளைச் சேர்த்துக் குறிக்கும் பெயர்) கொடுத்து 'எஃபிஷியன்ட் அப்கிரேட்' வசதியைப் பயன்படுத்துங்கள். ஒரு மொடலுக்கு ஓர் ஏபி மட்டும் லைனால் இறக்கும், மற்றவை அதனிடமிருந்து எடுக்கும்.

இனி ஷோ ஏபி இமேஜ். இந்த அட்டவணையில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஒவ்வொரு ஏபிக்கும் 'பிரைமரி', 'பக்கப்' என்று இரண்டு நிரல்கள். முன்கூட்டி அனுப்பிய புதிய இமேஜ் பக்கப் நிரலில்தான் போய் உட்காரும். பிரைமரியில் பழையது அப்படியே இருக்கும். அது பிழை அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். கொன்ட்ரோலர் மாறிய பிறகு ஏபி வந்து, தேவையான வெர்ஷன் தன் பக்கப்பில் இருப்பதைக் கண்டு, இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டு ஒருமுறை ரீபூட் ஆகும். இலக்கம் நீளமாக இருப்பதைப் பார்த்தும் திகைக்க வேண்டாம். கொன்ட்ரோலரில் 17.9.3 என்பது ஏபி பக்கத்தில் 17.9.3.50 என்று வரும், கடைசி இலக்கம் பில்ட்.

நிலை நிரலில் எல்லாம் 'கம்ப்ளீட்டெட்' என்று வரும்வரை காத்திருங்கள். பொடியன்களுக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான். நூறில் தொண்ணூறு முடிந்ததும் போதும் என்று அக்டிவேட்டுக்குப் போகிறார்கள். மிச்சம் பத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? வைத்தியசாலையில் அந்தப் பத்தும் ஒரே வார்ட்டில் இருந்தால் என்ன செய்வீர்கள்? 'ஃபெயில்ட்' அல்லது 'நொட் சப்போர்ட்டெட்' என்று ஏதாவது வந்தால் அந்த மொடலை ரிலீஸ் நோட்ஸில் மறுபடி தேடுங்கள்.

தூரக் கிளைகளில் உள்ள ஏபிகளில் சிலதையாவது உள்ளே போய்ப் பாருங்கள். லைன் மோசமான இடத்தில் உடைந்த இமேஜை எழுதிக்கொண்டு, பிறகு ரீபூட் சுழலில் விழுந்த ஏபிகள் உண்டு. ஏபியின் லொக்கில் 'இமேஜ் சைனிங் வெரிஃபை சக்சஸ்' என்ற வரி இருந்தால் மனம் நிம்மதி. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆளை ஏணியோடு அனுப்புவதைவிட இது மலிவு.

அக்டிவேட், அதற்குப் பிறகு அந்த ஆறு மணித்தியாலம்

'இன்ஸ்டோல் அக்டிவேட்' கொடுத்தால் பெட்டி ரீபூட் ஆகும். எழும்பிய பிறகு ஷோ வெர்ஷன் புதியதைக் காட்டும். எல்லோரும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் இதுதான், கிளம்பக் கூடாத நேரமும் இதுதான்.

ஷோ இன்ஸ்டோல் சமரி அடியுங்கள். புதியதற்கு முன்னால் 'யூ' என்று இருக்கும்: செயலில் இருக்கிறது, உறுதிசெய்யப்படவில்லை. கீழே 'ஓட்டோ அபோர்ட் டைமர்' ஓடிக்கொண்டிருக்கும். இயல்பாக அது ஆறு மணித்தியாலம். அதற்குள் 'இன்ஸ்டோல் கொமிட்' கொடுக்காவிட்டால், பெட்டி தானாகவே ரீபூட் ஆகி பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடும். இரவு பதினொன்றுக்கு அக்டிவேட் செய்து, ஷோ வெர்ஷனின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்தால், காலை ஐந்து மணிக்கு எல்லா ஏபிகளும் விழுந்து எழும்பும். வேறொரு குழு செய்துவிட்டுப் போன இடத்தில் இப்படி நடந்து, "அப்கிரேட் செய்தார்களாம், வெர்ஷன் பழையதுதானே இருக்கு" என்று எங்களை அழைத்தார்கள். அவர்கள் அனுப்பிய படம் பொய்யில்லை. எடுத்த நேரத்தில் அது உண்மைதான்.

அதற்காக எழும்பியவுடனேயே கொமிட் கொடுக்கவும் வேண்டாம். டைமரை வைத்திருப்பதே நீங்கள் சோதித்துப் பார்க்கத்தான். ஏபிகள் வந்துசேர விடுங்கள். ஷோ ஏபி சமரியை முந்திய ஃபைலோடு பெயர் பெயராக ஒப்பிடுங்கள். ஷோ ஏபி இமேஜில் இப்போது பிரைமரியில் புதியது, பக்கப்பில் பழையது என்று தலைகீழாக மாறியிருக்க வேண்டும். ஜோடி என்றால் ஷோ ரிடன்டன்சி மறுபடியும். விருந்தினர், ஊழியர் என்று ஒவ்வொரு வைஃபை பெயரிலும் கையில் உள்ள போனால் சேர்ந்து பாருங்கள். இவ்வளவும் சரி என்றால் கொமிட். பிறகு 'யூ' போய் 'சி' வந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு டீ குடிக்கலாம்.

பழைய ஏர்ஓஎஸ் பெட்டி என்றால்

3504, 5520 என்ற பழைய கொன்ட்ரோலர்கள் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. இதற்குக் கடைசி வரிசை 8.10. இங்கே கொமிட், டைமர் ஒன்றும் கிடையாது. ஷோ பூட் ஒன்றே பெரும்பாலும் போதும். ஃபைலை ஏற்றிய பிறகு புதியது 'பிரைமரி', பக்கத்தில் 'டிஃபோல்ட்' என்று இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பழையது 'பக்கப்', பக்கத்தில் 'அக்டிவ்'. ரீசெட்டுக்குப் பிறகு இரண்டு சொல்லும் ஒரே வரியில் வந்து சேர வேண்டும். ஏபிகளுக்கு அனுப்பும் கட்டளையில் 'பிரைமரி' என்று கொடுக்கும்போது, அது கொன்ட்ரோலரின் பிரைமரியைக் குறிக்கிறது. ஏபியில் அது பக்கப்பில்தான் போய் விழும். ஷோ ஏபி இமேஜ் ஓல் அதைக் காட்டும்.

எந்தப் பெட்டியானாலும் பழைய வெர்ஷன் ஒரு வாரமாவது உள்ளேயே கிடக்கட்டும், 9800 இல் அன்றிரவே 'இன்ஸ்டோல் ரிமூவ் இனக்டிவ்' போட்டு இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டாம். போயா விடுமுறையில் வேலை செய்திருந்தால் இன்னும் கவனம். அன்று கட்டடத்தில் ஆளில்லை, உண்மையான சுமை அடுத்த வேலை நாள் காலையில்தான் வரும். அன்று பத்து மணி வாக்கில் ஷோ ஏபி சமரியை இன்னொரு முறை எடுத்து, அதையும் அந்த ஃபைலிலேயே சேருங்கள்.