பஹணியில் மாமனார் பெயர்

பெங்களூரு அருகே ஆனேக்கல் பக்கம் பிசிஏ (கணினிப் பயன்பாட்டு இளநிலைப் பட்டம்) கல்லூரி தொடங்க அறக்கட்டளை பதிந்தாயிற்று, கட்டட வரைபடமும் தயார். 2024-25 முதல் பிசிஏவும் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வரம்புக்குள் வந்துவிட்டதால் ஒப்புதல் விண்ணப்பம் அங்கேதான். வக்கீல் பஹணியை, அதாவது கர்நாடக நில உரிமை ஆவணத்தை, விரித்து ஒரு வரியில் பேனாவை வைத்தார்: உரிமையாளர், என் மாமனார். நிலம் அறக்கட்டளை பெயரில் இருந்தாக வேண்டும். வகையோ, விவசாய நிலம்!

அவசரப்பட்டுத் தானப் பத்திரம் எழுதப் போனேன். “பொறுங்க சார், முதல்ல கன்வெர்ஷன்” என்று வக்கீல் தடுத்தார். நல்லவேளை. டிசி (மாவட்ட ஆட்சியர்) அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கல்வி உபயோகத்துக்கு மாற்றினோம். அப்புறம் தானப் பத்திரம், காத்தா (சொத்து வரிப் பதிவு) மாற்றம். மாமனார் கையெழுத்துப் போடும்போது, “ராகி விளைஞ்ச மண்ணு மாப்பிள்ளை” என்றார். பல்கலைக்கழக இணைப்பு விண்ணப்பத்தில் இந்தக் கோப்பை அப்படியே வைத்தேன். நிலம் பற்றிக் கேள்வியே வரவில்லை.