க்ளோஸ்-அப் மேஜிக்கை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாணயம், பேனா, ரப்பர் பேண்ட், காகித நாப்கின் என்று கையில் கிடைப்பதை வைத்து, நாலு பேர் முன்னால் மேசையருகே செய்யும் மேஜிக்கைக் கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சீக்கிரமே இன்னொரு வேலையும் வந்து சேர்கிறது: ஒரு வித்தை தேறுமா, தேறாதா என்று சொல்வது. தன் வித்தையோ நண்பரின் வித்தையோ, புதியவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கை நடுங்கியது, நாணயம் கீழே விழுந்தது, பேச்சு தடுமாறியது என்பதெல்லாம் பார்த்தவுடன் தெரிகிற குறைகள். அவற்றுக்கு வழிகாட்டி தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தீர்ப்பையே கெடுக்கிற தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது

நேரில் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு முறை. அடுத்து என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. செல்போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பவருக்கு இந்த இரண்டு கட்டுப்பாடுமே இல்லை. குஸ்டவ் குன், பெஞ்சமின் டாட்லர் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சிகரெட்டும் லைட்டரும் மறைகிற வித்தையைக் காட்டினார்கள். சிகரெட் பார்வையாளரின் கண்ணெதிரேயே மேஜிக் கலைஞரின் மடியில் விழுந்தது. முதல் முறை பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை. அதே வித்தையை மறுபடி செய்தபோது பிடித்துவிட்டார்கள். இரண்டாவது பார்வையில் மாட்டிக்கொள்வதை வைத்து ஒரு வித்தையைத் தள்ளுவதானால், நல்ல வித்தைகளில் பாதியைத் தள்ள வேண்டியிருக்கும். வீடியோ எடுங்கள், ஆனால் முதல் முறை முழுதாக, நிறுத்தாமல் ஓடவிட்டு, தோன்றியதை எழுதிவைத்துவிட்டு, அதன்பிறகு கையைத் திருத்துவதற்காக மட்டும் திரும்பப் பாருங்கள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்பது

இத்தனை தவறுகளிலும் அதிக நஷ்டம் தருவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் மறையாத தவறும் இதுதான். வித்தை முடிந்த அடுத்த நொடியே, நாணயம் போன திகைப்பு பார்வையாளரின் முகத்தில் இருக்கும்போதே, "எப்படின்னு தெரிஞ்சிதா?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியில் பார்வையாளர் துப்பறிவாளராகிவிடுகிறார். அதுவரை ரசித்துக்கொண்டிருந்தவர், நடந்ததைப் பின்னோக்கி அலசி ஏதாவது ஒரு விடையைத் தேட ஆரம்பிக்கிறார். "தெரியல" என்று அவர் சொன்னால் வித்தை வெற்றி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் "தெரியல"வுக்குள் வியப்பும் இருக்கலாம், அலுப்பும் இருக்கலாம், நடந்ததே சரியாகப் புரியாத குழப்பமும் இருக்கலாம். மூன்றுக்கும் விடை ஒன்றுதான்.

எளிய ஒரு வித்தையை எடுத்துக்கொள்வோம். இடது உள்ளங்கையில் ஒரு நாணயம், வலது கையில் பேனா. மேஜிக் செய்பவர் தன் இடப்பக்கம் பார்வையாளர்களை நோக்கியிருக்குமாறு நிற்கிறார். மூன்று முறை தட்டினால் நாணயம் மறையும் என்கிறார். ஒவ்வொரு முறையும் பேனாவை வலது காது உயரம்வரை தூக்கி, நாணயத்தைத் தட்டுகிறார். மூன்றாவது முறை தூக்கும்போது பேனாவைக் காதில் செருகிவிட்டு, வெறும் கையை இறக்குகிறார். மறைந்தது பேனா! எல்லோரும் சிரிக்க, "இங்கதான் இருக்கு" என்று உடம்பைத் திருப்பி வலது காதைக் காட்டுகிறார். அந்தத் திரும்பலில் இடது கை நாணயத்தைக் கோட்டுப் பையில் போட்டுவிடுகிறது. பழைய நிலைக்குத் திரும்பி, பேனாவை எடுத்து மூடிய இடது கையைத் தட்டித் திறந்தால், அங்கே நாணயமும் இல்லை.

இதில் சரிபார்க்க வேண்டியவை சில. முதல் இரண்டு தூக்கலும் மூன்றாவது தூக்கலும் ஒரே உயரம், ஒரே வேகமா? முதல் இரண்டில் பேனா தோள்வரை மட்டும் வந்து மூன்றாவதில் காதுவரை போனால், பார்வை கூடவே போகும். பைக்குள் கை போகும்போது இடது முழங்கை பின்னுக்குப் போகிறதா? இறுக்கமான கால்சட்டைப் பை என்றால் முழங்கை நிச்சயம் காட்டிக்கொடுக்கும். தளர்ந்த கோட்டுப் பை தாங்கும். இவை எல்லாம் செய்பவரே வீடியோவில் பார்த்துக்கொள்ளக் கூடியவை. பார்வையாளர் மனதில் என்ன பதிந்தது என்பதை வீடியோ சொல்லாது. அதை அவர் வாயிலிருந்துதான் வாங்க வேண்டும்.

வாங்கும் முறை இது. மேஜிக் தெரியாத மூன்று முதல் ஐந்து பேருக்கு வித்தையைச் செய்யுங்கள். பிறகு பத்து நிமிடம் வேறு எதையாவது பேசுங்கள். அதன்பின் ஒவ்வொருவரையும் தனித்தனியே, "இதைப் பார்க்காத ஒருத்தர்கிட்ட சொல்ற மாதிரி, என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். சேர்த்துக் கேட்டால், துணிச்சலாக முதலில் பேசுபவரின் கதையே எல்லோருடைய கதையாகிவிடும். நடுவில் நீங்கள் சொல்லலாம் என்றால் அது "அப்புறம்?" என்ற ஒரு சொல் மட்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் மொழியில் சுருக்காதீர்கள்.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்: நடந்தது, அவர் சொன்னது; நடந்தது, ஆனால் அவர் சொல்லாதது; நடக்காதது, ஆனால் அவர் சொன்னது. பேனா வித்தையைப் பற்றி, "கையில காசு இருந்துச்சு, பேனா காணாமப் போச்சு, காதுல இருந்துச்சு, கை திறந்தா காசும் இல்ல" என்று வந்தால் வித்தை பிரமாதமாக வேலை செய்திருக்கிறது. உடம்பு திரும்பியது அந்தக் கதையில் இல்லவே இல்லை. "அப்போ இந்தப் பக்கம் திரும்பினார்" என்று ஒருவர் சொன்னால் எச்சரிக்கை. சூட்சுமம் அவருக்கு இன்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் திரும்பியது ஒரு நிகழ்வாகப் பதிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் யோசித்தால் குட்டு உடைந்துவிடும். "தெரிஞ்சிதா?" என்று கேட்டிருந்தால் இவரும் "தெரியல" என்றுதான் சொல்லியிருப்பார். இந்த ஓட்டை கடைசிவரை உங்களுக்குத் தெரிய வந்திருக்காது.

மூன்றாவது பிரிவில்தான் தங்கம் இருக்கிறது. 2006-இல் குஸ்டவ் குன்னும் மைக்கேல் லேண்டும் ஒரு பந்து வித்தையை ஆராய்ந்தார்கள். பந்தை இரண்டு முறை நிஜமாக மேலே எறிந்துவிட்டு, மூன்றாவது முறை கையிலேயே வைத்துக்கொண்டு, பார்வையை மட்டும் மேலே அனுப்புகிற வித்தை. பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், மூன்றாவது முறையும் பந்து மேலே போனதாகச் சொன்னார்கள். பந்தை அங்கே கண்டதாகச் சொன்ன இடத்துக்கு அவர்களுடைய கண்கள் போகவே இல்லை. "நாணயத்தைக் கடைசிவரை என் கண்ணெதிரேயே வெச்சிருந்தார்" என்று உங்கள் பார்வையாளர் சொன்னால் அதைத் திருத்தாதீர்கள். நீங்கள் செய்யாததை அவரே உங்களுக்காகச் செய்து முடித்திருக்கிறார். ஒரு வித்தைக்கு இதைவிடப் பெரிய மதிப்பெண் கிடையாது.

"எப்படி நடந்திருக்கும்னு தோணுது?" என்பதை எல்லாவற்றுக்கும் கடைசியில் கேட்கலாம். விடை தவறாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். "பேனாவுல காந்தம்" என்று ஒருவர் நம்பிவிட்டால், அவரளவில் வித்தை முடிந்துபோயிற்று. உண்மையான சூட்சுமத்தைக் கண்டுபிடித்தால் வியப்பு எப்படிப் போகுமோ அப்படியே போய்விட்டது. பார்வையாளருக்குத் தோன்றக்கூடிய பொய்யான விடைகளையும் வித்தைக்குள்ளேயே அடைத்துவிட வேண்டும் என்று ஸ்பெயினின் மேஜிக் கலைஞர் ஹுவான் டாமரிஸ் வலியுறுத்தி வந்ததற்குக் காரணம் இதுதான். சட்டைக் கையை முன்பே மடித்துவிடுவதும், பேனாவை அவரிடமிருந்தே வாங்குவதும் அப்படி அடைக்கிற வேலைகள். நாணயம் போன பிறகு சட்டைக் கையை மடித்துக் காட்டுவதில் பயன் இல்லை.

சூட்சுமம் தெரிந்த நண்பரை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். கிண்ணங்களுக்குள் கற்களை மறைக்கும் வித்தையைப் பற்றி ரோமானியத் தத்துவஞானி செனெகா முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்: ஏமாற்றப்படுவதுதான் தனக்கு இன்பம், செய்முறையைக் காட்டிவிட்டால் ஆர்வம் போய்விடும் என்று. ஆர்வம் போனவரின் கருத்து கையின் பிழைகளைத் திருத்த உதவும். வித்தையின் வலுவை அளக்க உதவாது.

கண்ணாடியை நம்புவது

கண்ணாடி முன் நின்று பழகும்போது, ரகசிய அசைவு நடக்கும் நொடியில் பலர் தன்னையறியாமல் கண்ணை மூடுகிறார்கள். மூடிய கண்ணுக்குக் கண்ணாடி எதையும் காட்டாது.

ஒரே நாற்காலியிலிருந்து பார்ப்பது

நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலான வித்தைகள் சுத்தமாகத்தான் தெரியும். இடப்பக்கம், வலப்பக்கம் சுமார் 45 டிகிரி கோணங்களில் ஒவ்வொரு முறை, தோளுக்குப் பின்னால் நின்று ஒரு முறை, தரையில் உட்கார்ந்த குழந்தையின் கண் உயரத்தில் ஒரு முறை பாருங்கள். விரல்களின் அடி மடிப்பில் நாணயத்தை ஒளிக்கும்போது மேலிருந்து எதுவும் தெரியாது. கீழிருந்து பார்த்தால் விளிம்பு பளிச்சிடும். எந்தக் கோணத்தில் உடைகிறது என்று குறித்துவைத்தால் போதும். எல்லாக் கோணத்திலும் தாங்காத வித்தை மோசமான வித்தை ஆகிவிடாது, அதற்கேற்ற இடம் பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவே.

சில வித்தைகளில் இரண்டு இருக்கைகளுக்கு இரண்டு அனுபவம். மேஜிக் கலைஞர் டோனி ஸ்லைடினி புகழ்பெறச் செய்த காகிதப் பந்து வித்தையில், முன்னால் உட்கார்ந்தவரின் தலைக்கு மேலாகப் பந்து பறந்துபோவதை மற்ற எல்லோரும் பார்ப்பார்கள். அவருக்கு மட்டும் தெரியாது. சபையிலிருந்து மட்டும் பார்த்து "குட்டு தெரிகிறதே" என்று குறை சொன்னால், வித்தையையே புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அங்கே பார்க்க வேண்டியது நாற்காலியில் இருப்பவர் அவமானப்படாமல் சிரித்துக்கொண்டே எழுந்தாரா என்பது.

காதை மறப்பது

ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு முழு வித்தையையும் கேளுங்கள். ஒளித்த நாணயம் இன்னொன்றில் உரசினால் கண்ணுக்கு முன்பே காது கண்டுபிடித்துவிடும். எல்லா வேலையும் மென்மையான விரிப்பின் மேல் பழகியவர்கள் வெறும் மர மேசையில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

கடினமான கைவேலைக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவது

போடாதீர்கள்.

"சாதாரணப் பொருள்தானே" என்று நாமே முடிவுகட்டுவது

மேஜிக் கலைஞர்கள் பலர் பழகுவது அமெரிக்க அரை டாலர் நாணயத்தில். 30.6 மில்லிமீட்டர் விட்டம், கைக்கு அம்சமான அளவு. ஆனால் அமெரிக்காவிலேயே அது அன்றாடப் புழக்கத்தில் அரிது. நமக்குச் சாதாரணமாகிப்போன பொருள் பார்வையாளருக்கு 'மேஜிக் சாமான்'. ஒரே வருடத்து, ஒரே பளபளப்புள்ள நான்கு நாணயங்களைப் பையிலிருந்து எடுத்தாலும் அதே சந்தேகம்தான் வரும். ரப்பர் பேண்டில் இதற்கு மாறாக ஒரு சிக்கல்: 19ஆம் எண் பேண்ட், அதாவது மூன்றரை அங்குல நீளம், பதினாறில் ஒரு பங்கு அங்குல அகலம் உள்ளதில் பழகியவருக்கு, பார்வையாளர் தரும் பழைய, காய்ந்த பேண்ட் நடுவழியில் அறுந்துபோகும். அதனால் மதிப்பிடும்போது ஒரு முறையாவது கடன் வாங்கிய பொருளில் செய்யச் சொல்லுங்கள். பொருளை ஏற்கும்போது செய்பவர் தயங்குகிறாரா என்று கவனியுங்கள். அந்தத் தயக்கத்தைப் பார்வையாளரும் கவனிப்பார்.

முடிந்த பிறகு கைகளைப் பார்க்காமல் விடுவது

கைதட்டல் வந்ததும் மதிப்பிடுபவரும் பேனாவை மூடிவிடுகிறார். அந்த நேரத்தில் கூடுதல் நாணயம் எங்கே இருக்கிறது? பார்வையாளர் சட்டென்று கையைப் பிடித்தால் என்ன ஆகும்? மேசையிலுள்ள எல்லாவற்றையும் அவர் எடுத்துப் புரட்டிப் பார்க்க முடியுமா? அடுத்த மேசையில் இதையே மறுபடி செய்ய எதை எங்கே எடுத்து வைக்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பேனா வித்தையில் நாணயத்தைப் பையிலிருந்து எடுத்தால் போதும். பையின் அடியில் சாவிக்கொத்து கிடந்தால் அதுகூட ஆகாது. அந்தப் பையைக் காலியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.